பதக்கம் தந்தார்கள், வாசலைச் சாத்தினார்கள்

ஆண்டுக்கு இரண்டு முறை நாளிதழ்களில் ஒரு நீண்ட பட்டியல் வரும். குடியரசு தினத்துக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று. காவல்துறையில் வீரச் செயலுக்குப் பதக்கம், சிறப்பான பணிக்குப் பதக்கம், ராணுவத்தில் சக்ரா விருதுகள் என்று பத்தி பத்தியாகப் பெயர்கள். குடியரசு தினம் என்றால் பத்ம விருதுகளும் சேர்ந்துகொள்ளும். நம் மாவட்டத்துப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று டீக்கடை பெஞ்சில் விரலை வைத்துத் தேடிப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நாமும் தேடியவர்கள்தான். சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், எந்த விருது எந்த ஆண்டு தொடங்கப்பட்டது என்று குறிப்பெடுத்து மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்த வாரம் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளைப் பற்றிப் பேசலாம். தலித் குடும்பத்துக்கும் பதக்கத்துக்கும் உள்ள உறவு, மற்றக் குடும்பங்களுக்கு உள்ளதைப் போன்றதல்ல. பதக்கம் ஓர் ஆளின் மார்பில் குத்தப்படுகிறது. அந்த ஆளின் மகனைப் படையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் சாதியைப் பார்த்து முடிவு செய்தார்கள். அப்பன் வாங்கிய பதக்கத்தை மகன் ஒரு மனுவோடு இணைத்து அனுப்ப வேண்டியிருந்தது.

பழைய பட்டாளத்துக்காரர் வீடுகளில் தகர டிரங்குப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி, சில பதக்கங்கள் கிடக்கும். எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் ராஜா தலையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களில், வட்டமாக இருந்தால் விளிம்பிலும் ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் பின்புறத்திலும், படை எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். அதே போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்கள் பெயர் இல்லாமலேயே போயின. ஆக, ஊர்ப் பதிவேட்டில் அப்பன் பெயரைக்கூடச் சரியாக எழுதாத காலத்தில், ஒரு சேரிக்காரரின் பெயர் உலோகத்தில் ஏறியிருக்கிறது. ஆப்பிரிக்கா நட்சத்திரமா, இத்தாலி நட்சத்திரமா, பர்மா நட்சத்திரமா என்று பார்த்தால் அவர் எந்தப் போர்முனைக்குப் போனார் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து உலோகத்தைப் பார்க்க வேண்டும். வடமேற்கு எல்லைப் போர்களுக்காக 1896-இல் ஏற்படுத்திய இந்தியப் பதக்கமும், 1903-04 திபெத் படையெடுப்புக்கான பதக்கமும் இரண்டு உலோகங்களில் அடிக்கப்பட்டன. துப்பாக்கி பிடித்தவருக்கு வெள்ளி. தண்ணீர் சுமந்தவர், குதிரை பார்த்தவர், டோலி தூக்கியவர், முகாமைக் கூட்டியவர், மலம் அள்ளியவர் ஆகியோருக்கு வெண்கலம். படைக்குப் பின்னால் போகிறவர்கள் என்ற பொருளில் இவர்களை ஃபாலோயர் என்று கணக்கில் எழுதினார்கள். முதல் உலகப் போர் முடிந்து கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் இதே ஏற்பாடு. லட்சக் கணக்கில் திரண்ட படைகளுக்கெல்லாம் வெள்ளி. பிரான்சுக்குக் கப்பலேறிப் போன இந்தியத் தொழிலாளர் படைக்கும் சீனத் தொழிலாளர் படைக்கும் வெண்கலம். பனியும் குண்டும் இருதரப்புக்கும் ஒன்றாகத்தான் விழுந்தன. ஊரில் யார் கையில் துடைப்பம் இருந்ததோ அவரே முகாமிலும் துடைப்பம் பிடித்தார். அவர் நெஞ்சில் வெண்கலம் ஏறியது. உங்கள் வீட்டில் அப்படியொரு வெண்கலப் பதக்கம் இருந்தால், பித்தளைச் சாமான் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெள்ளியைவிட அது அரிது.

இனி ஒரு குடும்பத்தின் கதைக்குப் போவோம். எல்லோருக்கும் தெரிந்த குடும்பம்தான். கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம் என்றே அண்ணல் அம்பேத்கரைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவர் பட்டாளத்து வீட்டில் பிறந்த பிள்ளை என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

தாத்தா மாலோஜி சக்பால் கம்பெனிப் படையில் சிப்பாயாக இருந்தவர். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். அம்மா பீமாபாய் பிறந்த முர்பாத்கர் குடும்பமும் பட்டாளத்துக் குடும்பம். பீமாபாயின் தந்தை சுபேதார் மேஜர் பதவி வரை உயர்ந்தவர். 1891 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்த மாவ் என்பது சொந்த ஊரல்ல. ராம்ஜி வேலை பார்த்த ராணுவக் குடியிருப்பு. சொந்த ஊர் கொங்கணத்தில் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே.

பட்டாளம் இந்தக் குடும்பத்துக்குச் சம்பளமும் சீருடையும் மட்டும் தரவில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட மகர் பிள்ளை உட்கார முடியாத நாளில், பட்டாளத்துக்குள் பள்ளிக்கூடம் இருந்தது. சிப்பாய்களும் அவர்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விதி இருந்தது. ராம்ஜி அங்கே படித்தார், ஆசிரியர் பயிற்சி பெற்றார், ராணுவப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார். மகனுக்கு ஆங்கிலமும் கணக்கும் வீட்டிலேயே சொல்லித்தரும் அப்பா எப்படி உருவானார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போன படிப்பு, ராணுவக் கொட்டடியில் தொடங்கிய படிப்பு.

மகர்கள் பம்பாய்ப் படையில் எத்தனை காலமாக இருந்தார்கள் என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. 1818 ஜனவரி 1 அன்று புனே அருகே பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகானில் பேஷ்வா படைக்கும் கம்பெனிப் படைக்கும் சண்டை நடந்தது. அங்கே நிற்கும் நினைவுத் தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 பெயர்கள் மகர்களுடையவை. 'நாக்' என்று முடிவதால் அடையாளம் தெரியும். தமிழ் படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் நடுகல் நினைவுக்கு வரும். செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரன் பெயரும், எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதும் வெட்டியிருக்கும். கோரேகான் தூணும் அப்படித்தான். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே சென்று நின்றபோது, வெள்ளைக்காரன் வெற்றியைக் கொண்டாடப் போனார் என்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். வேறு எந்தப் பொதுக் கல்லில் தன் சாதியின் பெயர்களை அவர் அன்று படித்திருக்க முடியும் என்று அவர்கள் சொல்வதில்லை.

இத்தனை பெயர்களுக்குப் பிறகு 1892-இல் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அப்போது ஒரு வயது.

யாரும் கோழைத்தனமாக ஓடிவிடவில்லை. எந்த விசாரணையும் நடக்கவில்லை. 1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே ஒரு கொள்கை வளர்ந்தது. சில சாதிகள் பிறப்பிலேயே போர்க்குணம் உள்ளவை, மற்றவை இல்லாதவை என்பது அது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அதன் பெரிய ஆதரவாளர். சாதி வாரியாகப் படைப்பிரிவுகளை அமைத்தபோது, உயர்சாதிச் சிப்பாய் தீண்டப்படாதவரான சுபேதாருக்கு சல்யூட் அடிக்க மாட்டார் என்ற சங்கடமும் அவர்களுக்குத் தீர்ந்துபோனது. மனு சொன்னதை மேஜைமேல் வைத்து ஆங்கிலத்தில் எழுதியதைப் போலத்தான் இருந்தது.

இது மராட்டிய மண்ணோடு நிற்கவில்லை. இந்தியப் படைத்தலைவர் ஆவதற்கு முன் ராபர்ட்ஸ் சென்னை ராணுவத்தின் தலைவராக இருந்தவர். தெற்கத்திச் சிப்பாய்கள்மேல் அவருக்கு மதிப்பில்லை. கம்பெனியின் தொடக்க காலத்திலிருந்து சென்னை ராணுவத்தில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். அதன் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தப்பித்து நின்றது பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை. பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, கண்ணிவெடி எடுப்பது அதன் வேலை. மண்வெட்டி பிடிப்பதால் சாதி போய்விடும் என்று நினைக்காதவர்களே அங்கே சேர்ந்தார்கள். ஆதலால் பறையர்களும் கிறித்தவர்களும் அதில் நிறைய இருந்தார்கள். 'தம்பி' என்பது அந்தப் படையின் செல்லப்பெயர். இரண்டாம் உலகப் போரில் இந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் பாய்ந்து விழுந்து தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. பிறப்பிலேயே போர்க்குணம் இல்லாதவர்கள் என்று ஓரம் கட்டிய நிலத்திலிருந்து போனவர் அவர்.

மறுபடி ராம்ஜியின் வீட்டுக்கு வருவோம். ஓய்வு பெற்ற மகர் சிப்பாய்கள் பலர் கொங்கணத்தில் தாபோலி என்ற ஊரில் குடியேறியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் படைத்தலைவருக்கு ஒரு மனு தயாரித்தார். தடையை நீக்கும்படி கேட்ட மனு அது. எங்கள் முன்னோர் இன்னின்ன போரில் இருந்தார்கள் என்ற வரலாறு அதில் இருந்தது. ராம்ஜியும் இந்த முயற்சியில் இருந்தார். நீதிபதி ரானடேயின் உதவியை நாடினார். 1910-இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே மனு அனுப்பினார். தலித் அரசியலின் முதல் ஆவணங்கள் என்று நாம் போற்றும் தாள்களில் சில, படையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட முன்னாள் சிப்பாய்களின் மனுக்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுபேதார் பதவிக்கு ஊருக்குள் என்ன மதிப்பு இருந்தது என்பதை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய நினைவுக் குறிப்பில் அது முதல் நிகழ்ச்சி. ஓய்வுக்குப் பிறகு ராம்ஜி சாத்தாரா மாவட்டத்தில் ஏரி வெட்டும் இடம் ஒன்றில் காசாளராக இருந்தார். கோடை விடுமுறைக்கு அப்பாவிடம் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பத்து வயதுப் பிள்ளையும் அண்ணனும் அக்காள் மகன்களும் புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி எல்லாம் போட்டுக்கொண்டு ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப் போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகர் என்று பிள்ளை வாய்விட்டதும் அவர் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீ நடந்து வா என்ற பேரத்தில் ஒரு வண்டி கிடைத்தது. இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ராணுவத்தில் அந்த அப்பாவுக்குக் கீழே ஆட்கள் அட்டென்ஷனில் நின்றார்கள். ரயில்வே கேட்டுக்கு வெளியே அவர் மகனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. இந்தப் பக்கங்கள் தமிழில் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் பாடநூலுக்கு முன்னால் இதைப் படிக்கலாம்.

1913 ஜனவரியில் பி.ஏ. முடித்த அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே படையில் லெப்டினன்ட் பதவியில்தான் அமர்த்தப்பட்டார். சில நாளில் அப்பாவுக்கு உடல்நிலை மோசம் என்று தந்தி. பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். மூன்று தலைமுறைப் பட்டாள வரிசை அதோடு முடிந்துபோனது.

முடிந்தது என்று சொல்லும்போதே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் தேவைப்பட்டபோது வாசல் திறந்தது, தேவை தீர்ந்ததும் மூடியது. முதல் உலகப் போரின் நடுவில், 1917-இல், 111-வது மகர் படைப்பிரிவை உருவாக்கினார்கள். 1921-இல் கலைத்துவிட்டார்கள். பஞ்சாபில் மசபி சீக்கியர்களின் பயனியர் படைகளுக்கும் 1930-களின் தொடக்கத்தில் இதே கதி. இரண்டாம் போரில் 1943-இல் சமார் படைப்பிரிவு பிறந்தது, கோஹிமாச் சண்டையில் பங்கெடுத்துப் போர்ச் சிறப்பு பெற்றது, 1946-இல் கலைந்தது. அதை மீண்டும் அமைக்க வேண்டும் என்ற குரல் இன்றும் வடக்கே கேட்கிறது.

காவல்துறையின் கதை இன்னும் கசப்பானது. மகர்கள் கிராமத்தில் வதன் என்ற பரம்பரை ஊழியத்தில் கட்டுண்டவர்கள். எல்லை காப்பது, திருடனின் கால்தடம் பார்ப்பது, அரசுப் பணத்தைச் சுமந்து தாலுகாவில் சேர்ப்பது, அதிகாரி வந்தால் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவது எல்லாம் அவர்கள் தலையில். நம் ஊர்த் தலையாரி, வெட்டியான் வேலைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதாவது காவல் வேலை முழுவதையும் செய்தார்கள். ஆனால் போலீஸ் சீருடை கிடையாது. கான்ஸ்டபிள் என்றால் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும், எல்லாரையும் தொட்டுப் பிடிக்க வேண்டும், தீண்டப்படாதவர் அதை எப்படிச் செய்வது என்று காரணம் சொன்னார்கள். இந்த வதன் அடிமைத்தனத்தை ஒழிக்க அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு சைமன் குழுவுக்குப் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் அவர் கொடுத்த அறிக்கையில் இரண்டு கோரிக்கைகளைப் பாருங்கள். தரைப்படை, கடற்படை, காவல்துறை மூன்றிலும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடையில்லாத சேர்க்கை வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒடுக்கப்பட்டோரிலிருந்தே சிறப்புக் காவல் ஆய்வாளர் வேண்டும் என்பது மற்றொன்று.

சிறப்புக் காவல் ஆய்வாளர் எதற்கு? அடிபட்டவன் புகார் கொடுக்கப் போனால், எழுதிக்கொள்ளும் கை யாருடையது என்பதில் வழக்கே முடிந்துவிடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகள், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கின்றன. பழைய கேள்வி தீர்ந்துவிட்டதா என்பதைக் காவல் நிலைய வாசலில் இரவு பதினோரு மணி வரை நின்றவர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். வீரச் செயலுக்குப் பதக்கம் என்றால் துப்பாக்கிச் சூடும் தேடுதல் வேட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊர் மொத்தமும் எதிர்த்து நிற்க, சாட்சிகளைக் காப்பாற்றி, குறித்த நாளில் குற்றப்பத்திரிகை போட்டு, வன்கொடுமை வழக்கில் தண்டனை வாங்கித் தந்த அதிகாரி காட்டியதும் துணிச்சல்தான். அப்படிப்பட்டவர் பெயரைப் பட்டியலில் பார்க்க நமக்கு ஆசை.

1941-க்கு வருவோம். ஜூலையில் வைஸ்ராய் அமைத்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினரானார். அக்டோபரில் பெல்காமில் மகர் படைப்பிரிவு மீண்டும் உருவானது. அப்பா மனு போட்டுத் திறக்காத வாசலை, அரை நூற்றாண்டு கழித்து மகன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து திறந்தார். புதிய படையின் தொப்பிச் சின்னத்தில் கோரேகான் தூண் இருந்தது. பின்னாளில் அதன் இடத்தில் குத்துவாள் வந்தது. இந்த முறை படை கலைக்கப்படவில்லை. இன்று எல்லாச் சாதியினரும் அதில் இருக்கிறார்கள். செங்கல்பட்டில் பிறந்து தரைப்படைத் தளபதியான கே. சுந்தர்ஜி இந்தப் படைப்பிரிவில்தான் அதிகாரியாகச் சேர்ந்தார். இதன் 8-வது பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். இலங்கையில் அமைதிப்படை நடந்துகொண்ட விதம் பற்றி நமக்குச் சொல்ல வேறு நிறைய உண்டு, அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. நாம் சொல்ல வந்தது, போருக்கு லாயக்கற்றவர்கள் என்று விரட்டிய பெயரைத் தாங்கிய படைதான் அந்த விருதைப் பெற்றது என்பதை.

ராணுவப் பதக்கம் போலவே சிவில் பட்டங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பிரிட்டிஷ் அரசு அடுத்தடுத்துப் பட்டம் தந்தது. ராவ் பகதூர் கிடைத்த 1930-இல்தான் அவர் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அங்கே மன்னர் முன் நின்றபோது தன்னைத் தீண்டப்படாதவன் என்றே அவர் அறிவித்துக்கொண்டார் என்ற செய்தி நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பட்டம் கொடுத்த அரசிடமே, பட்டம் போதாது, பொதுக் கிணறும் பொது வழியும் வாக்குரிமையும் வேண்டும் என்று கேட்கப் போனவர் அவர்.

அரசமைப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்தது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு. பெயருக்கு முன்னால் ராவ் பகதூர் போட்டுக்கொள்ளும் உயர்வு தாழ்வு சாதி அடுக்கின் இன்னொரு வடிவம் என்பதை, வரைவுக் குழுவின் தலைவரைவிட அறிந்தவர் யார்? பின்னர் 1954-இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தபோது இவை பட்டமா விருதா என்ற சண்டை எழுந்தது. இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயரோடு ஒட்டிப் போடக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணப் பத்திரிகையில் பத்மஸ்ரீ என்று அச்சடிப்பவர்கள் இதைப் படிப்பதில்லை.

முதல் பாரத ரத்னாக்கள் 1954-இல் ராஜாஜிக்கும் ராதாகிருஷ்ணனுக்கும் சி.வி. ராமனுக்கும் கிடைத்தன. அம்பேத்கர் அப்போது உயிரோடு இருந்தார், 1956 டிசம்பர் 6 வரை இருந்தார். அவருக்கு அது கிடைத்தது 1990-இல், வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது. ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரரான ஆர். வெங்கட்ராமன் கையிலிருந்து சவிதா அம்பேத்கர் அதைப் பெற்றுக்கொண்டார். சுபேதார் வீட்டுக்கு வந்த அந்தப் பதக்கம் முப்பத்தாறு ஆண்டு தாமதம். தாமதத்துக்குக் காரணம் விதிமுறை அல்ல. இறந்தவருக்கும் தரலாம் என்று 1955-லேயே விதி மாறிவிட்டது.

இதெல்லாம் பழைய கதை என்று ஒரு மாணவர் கேட்கலாம். 2016 ஜூன் 25 அன்று காஷ்மீரின் பாம்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் எட்டுப் பேர் தாக்குதலில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் என்ற ஒடுக்கப்பட்ட சாதி. மூவர்ணக் கொடி போர்த்திய உடல் ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரித்து அங்கேயே சிலை வைக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. ஊரின் மேல்சாதியினர் இடம் தர மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் வாங்கித் தந்தார்கள். 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில், பயிற்சி முடித்த தலித் ராணுவ வீரர் ஒருவர் தன் கல்யாணத்துக்குக் குதிரையில் போனதற்குக் கல்லெறி. கூடவே போலீஸ் பாதுகாப்பு இருந்தது. மசூர் ரயில் நிலையத்திலிருந்து இந்த இரண்டு ஊர்களும் ரொம்ப தூரம் இல்லை.

கடைசியாகப் பதக்கம் எட்டிப் பார்க்காத ஒரு வீரத்தைச் சொல்லி முடிக்கிறோம். மலக்குழி மரணச் செய்திகளைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் ஒருவர் தனியாக இறப்பதில்லை. முதலில் இறங்கியவர் விஷவாயுவில் மயங்கி விழுவார். மேலே நிற்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே, கூட வந்தவனைத் தூக்க இறங்குவார். பல வேளைகளில் அவர் தம்பியாகவோ மகனாகவோ மைத்துனராகவோ இருப்பார். அவரும் இறப்பார். அடுத்த நாள் செய்தியில் விஷவாயு தாக்கி இருவர் பலி என்று ஒரே வரியில் இருவரையும் சேர்த்துவிடுகிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இழப்பீடு பத்து லட்சம் என்று 2014-லும், முப்பது லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை வாங்கவே குடும்பங்கள் அலைகின்றன. அதற்கான போராட்டம் தனி.

ஆனால் இரண்டாவதாக இறங்கியவர் செய்தது என்ன? 1961-இல் மத்திய அரசு தொடங்கிய ஜீவன் ரக்ஷா பதக்க விருதுகள், தன் உயிரைப் பொருட்படுத்தாமல் பிறர் உயிரைக் காக்க முனைந்த பொதுமக்களுக்கானவை. சர்வோத்தம், உத்தம், ஜீவன் ரக்ஷா என மூன்று நிலை. நீரில் மூழ்குவோர், தீயில் சிக்கியோர், விபத்தில் மாட்டியோர் என்று காப்பாற்றும் செயல்கள் கணக்கில் வரும். இறந்தபின்னும் தருகிறார்கள். தமிழ்நாடு அரசின் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கமும் குடியரசு தினத்தில் பொதுமக்களுக்கு உண்டு. இரண்டுக்கும் பரிந்துரை மாவட்ட நிர்வாகத்திலிருந்து கிளம்ப வேண்டும், காலக்கெடுவுக்குள் கிளம்ப வேண்டும். நம் ஊரில் அப்படியொருவர் இறந்திருந்தால், முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அங்கே நின்றவர்களின் எழுத்து வாக்குமூலம், இவற்றோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். யார் முதலில் இறங்கினார், யார் அவரைத் தூக்கப் போனார் என்பதை மனுவில் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.